ஒயர் இழுக்கிற வேலையும் ஒன்றேமுக்கால் லட்சமும்



இந்த ஒரு மாதத்தில் மூன்று வீட்டிலிருந்து எனக்குப் போன். பாம்பனிலிருந்து ஒன்று, கீழக்கரையிலிருந்து ஒன்று, இராமநாதபுரம் டவுனிலிருந்தே ஒன்று. மூன்று பேர் கேட்டதும் ஒரே கேள்வி. "சார், பையன் டிகிரி முடிச்சிட்டான். நெட்வொர்க்கிங் படிக்கணும்கிறான். சென்னையில ஒரு இன்ஸ்டிடியூட்ல ஒன்றேமுக்கால் லட்சம் கேக்குறாங்க. வேலைக்கு கேரண்டியாம். கட்டலாமா?"

கட்டாதீர்கள்.

பதில் அவ்வளவுதான். காரணம் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கிறதே என்று ஒரு லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இதையாவது முழுக்கப் படியுங்கள். உங்கள் வீட்டுத் தாலிச் சங்கிலி சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்தத் தொகைக்கு என்னென்ன தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். பாம்பன் பையன் தனக்கு வாட்ஸ்அப்பில் வந்த பதிலைக் கொண்டுவந்து காட்டினான். மூன்று மாத வகுப்பு. சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 'பாஸ் கேரண்டி'. கடைசி வரியில், 'இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் சப்போர்ட், பி.ஜி.வி. கிளியரன்ஸ்'. பி.ஜி.வி. என்றால் வேலைக்கு எடுக்கும் கம்பெனி உங்கள் பின்னணியை விசாரிப்பது. ஆக, பையன் ஒரு நாள்கூட வேலை பார்க்காத ஒரு கம்பெனியின் பெயரில் இரண்டு வருடச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, யாராவது போன் போட்டு விசாரித்தால் "ஆமா, எங்ககிட்டதான் இருந்தாப்ல" என்று சொல்வதற்கு ஓர் ஆள். ஒன்றேமுக்கால் லட்சத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். பாடம் சொல்லிக் கொடுப்பதற்கு அல்ல.

பாடத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்கு வாத்தியாராகவே கூட்டிப் பார்த்தேன். சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு ஏறக்குறைய 30,000 ரூபாய் வரும். சிஸ்கோ 2020 பிப்ரவரியில் பாடத்திட்டத்தை மாற்றி எல்லாவற்றையும் ஒரே தேர்வாக ஆக்கிவிட்டது. முன்தகுதி எதுவும் கிடையாது, சான்று மூன்று வருடத்துக்குச் செல்லும். வீட்டிலேயே கம்ப்யூட்டர் திரையில் ரவுட்டரும் ஸ்விட்சும் அடுக்கிப் பழக பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளை சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாகத் தருகிறார்கள். கம்பியில் என்ன ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்க வயர்ஷார்க், அதுவும் இலவசம். ஐ.ஐ.டி. கரக்பூர் பேராசிரியர்கள் நடத்திய கணினி வலையமைப்புப் பாடம் முழுவதும் என்.பி.டி.இ.எல். தளத்தில் காசில்லாமல் கிடக்கிறது. தமிழிலேயே சொல்லிக் கொடுப்பவர்களும் யூடியூபில் இருக்கிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸ்விட்ச் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும்.

'பாஸ் கேரண்டி' எப்படி வருகிறது தெரியுமா? டம்ப். தேர்வு எழுதியவர்களிடமிருந்து கசிந்த கேள்விகளையும் பதில்களையும் தொகுத்து மனப்பாடம் செய்ய வைப்பது. பத்தாம் வகுப்பில் நோட்ஸை மனப்பாடம் செய்கிறவர்களை நான் என்ன பாடுபடுத்துவேன் என்று உங்களுக்கே தெரியும். இங்கே அது விதிமீறலும்கூட. கண்டுபிடித்தால் சிஸ்கோ சான்றை ரத்து செய்யலாம், மறுபடி எழுதத் தடையும் விதிக்கலாம்.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தில் மிரட்டுகிற பகுதி என்று எல்லோரும் சொல்லும் சப்நெட்டிங், நான் கரும்பலகையில் போட்ட இரண்டின் அடுக்குகள்தான். ஸ்லாஷ் 26 என்றால் 32 பிட்டில் 26 வலையமைப்புக்குப் போய்விட்டது, மிச்சம் 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. முதலும் கடைசியும் போக 62 கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம். அவ்வளவுதான். இதை மனப்பாடம் செய்ய வைத்துப் பணம் வாங்குகிறார்கள் என்றால் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு வயிறு எரிகிறது.

பணம் போனதுகூட இரண்டாம் பட்சம். மீட்டுவிடலாம். கள்ளச் சான்றிதழோடு வேலைக்குப் போகிற பையன் இன்னொன்றைத் தொலைக்கிறான். அதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

புதிதாகச் சேர்ந்தவன் ஒரு வருடத்துக்கு "தெரியலை சார், சொல்லிக் குடுங்க" என்று கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நெட்வொர்க்கிங் தொழிலே அப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்கிற தொழில். கொத்தனாரிடம் சித்தாள் கற்பதைப் போல, விசைப்படகில் டிரைவரிடம் சின்னப் பையன் கற்பதைப் போல. இரண்டு வருட அனுபவம் என்று எழுதிக்கொண்டு போனவன் அந்த வாயை அடைத்துக்கொண்டு போகிறான். அவன் கேட்டால் மாட்டிக்கொள்வான். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையன். ஊர் பெயர் வேண்டாம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் 'மூன்று வருட அனுபவசாலி'யாகச் சேர்ந்தான். நாலாவது மாதம், ஒரு ஸ்விட்சில் புதிதாக 30ஆம் எண் விலானைச் சேர்க்கச் சொல்லி டிக்கெட் வந்தது. (விலான் என்றால் ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனித் தெருக்கள் பிரிப்பது மாதிரி. ஒரு தெருவில் கணக்குப் பிரிவு, இன்னொன்றில் கேமரா, இன்னொன்றில் போன்.) இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் பெரிய வழியில் எந்தெந்தத் தெருவின் வண்டிகள் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் புதிய எண்ணைச் சேர்க்கும் கட்டளையில் 'ஆட்' என்ற சின்னச் சொல் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் பழைய பட்டியல் முழுக்க அழிந்து புதிய எண் மட்டும்தான் நிற்கும். பையன் அந்தச் சொல்லை விட்டுவிட்டான். ஒரு மாடி முழுக்க இணைப்பு போனது. போனது ஏன் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் முடியவில்லை, மூன்று வருடக்காரன் இதைக் கேட்பானா?

இந்தத் தவறை இந்தத் தொழிலில் இருக்கிற பலரும் முதல் வருடத்தில் செய்திருப்பார்கள் என்று என் மாணவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சீனியர் தலையில் குட்டுவார், அத்தோடு ஆயுசுக்கும் மறக்காது. இவனுக்குக் குட்டுவதற்கு ஆள் இல்லை. விசாரணை வந்தது, பி.எஃப். கணக்கைக் கேட்டார்கள். யு.ஏ.என். எண்ணில் எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்ற வரலாறு அப்படியே நிற்கிறது. இவன் சொன்ன மூன்று வருடத்தில் ஒரு மாதம்கூட அதில் இல்லை. அன்று சாயங்காலமே ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போலீஸுக்குப் போகவில்லை, அது அந்தக் கம்பெனியின் பெருந்தன்மை. போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக்கு 318, பொய் ஆவணத்துக்கு 336, அதை உண்மை என்று காட்டியதற்கு 340 என்று பிரிவுகள் வரிசையாக நிற்கின்றன. சான்றிதழ் விற்றவன் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். 2021 அக்டோபர் 4 ஞாபகம் இருக்கிறதா? இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் நின்றன. நம் ஊரில் பலர் நெட் பேக் தீர்ந்துவிட்டது என்று ரீசார்ஜ் செய்தார்கள். வழக்கமான பராமரிப்பு வேலையில் அந்தக் கம்பெனியின் முதுகெலும்பு வலையமைப்பில் கொடுத்த ஒரே ஒரு கட்டளை எல்லா டேட்டா சென்டர்களையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் ஒரு பிழை. அவர்களுடைய பெயர் சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்ற அறிவிப்பே இணையத்திலிருந்து மறைந்தது. உள்ளே புகுந்து சரி செய்யும் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால், ஆட்கள் நேரில் போய் இறங்க வேண்டியிருந்தது. ஆறு மணி நேரம். அந்த வேலையில் இருந்தவர்கள் உண்மையிலேயே தேர்ந்தவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால், ஒரு ஆஸ்பத்திரியின் வலையமைப்பைக் கள்ளச் சான்றிதழ்காரனிடம் கொடுத்தால்?

இனி நீங்கள் சொல்லப்போகும் பதிலுக்கு வருகிறேன். போன வாரம் கீழக்கரைப் பையன் நேரிலேயே சொன்னான். "சார், நேர்மையா ஃப்ரெஷர்னு ரெஸ்யூமே போட்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கிறான். எல்லா விளம்பரத்துலயும் ரெண்டு வருஷம் கேக்குறான். அந்த ரெண்டு வருஷத்தை நான் எங்க போய் வாங்குறது?"

நியாயமான கேள்வி. கேட்கிற கம்பெனிகள் மேல் எனக்கும் கோபம் உண்டு. எல்லோரும் பழுத்த பழமே வேண்டும் என்றால் மரம் வைப்பது யார்? ஆனால் அந்த இரண்டு வருடம் நம் மாவட்டத்திலேயே கிடக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை. ஏன் இல்லை என்று பிறகு சொல்கிறேன், உங்களில் பலருக்கு அது பிடிக்காது.

பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் வேலையை எடுத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் மட்டும் 429 ஊராட்சிகள். கேபிள் போனால் போதாது, அறுந்தால் ஒட்ட வேண்டும், பெட்டியைப் பராமரிக்க வேண்டும். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலிருந்து நிற்கிறது. இராமேஸ்வரத்தில் லாட்ஜ் இல்லாத தெரு உண்டா? ஒவ்வொரு லாட்ஜிலும் வைஃபை, ஒவ்வொரு நடையிலும் கேமரா. அந்தக் கேமராவுக்குக் கரண்டும் படமும் ஒரே கம்பியில் போகிறது. கடல் காத்தில் ஆறு மாதத்தில் முனைகள் பச்சை பிடித்துவிடும். எந்த இன்ஸ்டிடியூட் பாடத்திலும் உப்புக் காத்து வராது.

அங்கே போய் வேலை பாருங்கள் என்கிறேன். ஒரு லோக்கல் இன்டர்நெட் ஏஜென்சியில் சேர்ந்தால் முதல் வாரம் க்ரிம்பிங் டூலைக் கையில் கொடுப்பார்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இந்த எட்டு நிறம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். நூறு மீட்டருக்கு மேல் அந்தக் கம்பியை நம்பக் கூடாது என்று பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். ஒரு வீட்டில் நெட் வரவில்லை என்றால் பவர் மீட்டரை வைத்துப் பார்ப்பீர்கள். மைனஸ் 27க்குக் கீழே போயிருந்தால் வெளிச்சம் போதவில்லை, எங்கோ வளைந்திருக்கிறது அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் முகவரி கொடுக்க வேண்டியவரிடம் போய்ச் சேரவே இல்லை. எண்ணை அடித்தால் பிங் போகிறது, பெயரை அடித்தால் பக்கம் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். பக்கம் பார்க்க வேண்டும். கீழிருந்து மேலே, ஒவ்வொரு படியாக. என்.ஓ.சி. என்ற கண்காணிப்பு மையத்தில் (தடையில்லாச் சான்று அல்ல, நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர்) முதல் நிலையில் கேட்கிற நேர்முகக் கேள்விகளில் பாதி இதுதான். ஏணியில் ஏறி இதையெல்லாம் பார்த்தவன் யோசிக்காமல் பதில் சொல்வான்.

இன்னொரு வழியும் உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. சென்னை தரமணியில் மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி. உதவித்தொகை உண்டு, அதில் ஒரு பங்கை மத்திய அரசே தருகிறது. முடித்தால் அரசுச் சான்றிதழ். உண்மையான அனுபவச் சான்றிதழ், ஒரு பைசா கொடுக்காமல். இதற்கு விண்ணப்பிக்கச் சொன்னால் "ஒரு வருஷம் அப்ரெண்டிஸாவா?" என்று மூக்கைச் சுளிக்கிறார்கள்.

மூக்கைச் சுளிப்பது பையன்கள் அல்ல. நாம். இப்போது உறவினர்களுக்கு.

என் மாணவன் ஒருவன் பி.இ. முடித்துவிட்டு மண்டபத்தில் ஃபைபர் ஒட்டும் வேலைக்குப் போனான். ஸ்ப்ளைசிங் மெஷினில் தலைமுடி தடிமனுள்ள கண்ணாடி இழையை நேராகப் பொருத்தி உருக்கி ஒட்டுகிற வேலை. கை நடுங்கினால் போச்சு. ஒரு கல்யாண வீட்டில் அவனுடைய பெரியப்பா என் முன்னாலேயே சொன்னார், "இஞ்சினியருக்குப் படிச்சிட்டு ஒயர் இழுக்கிறான் சார்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் சாப்பிடாமலே எழுந்து போனான். மூன்றாம் மாதம் அதே பெரியப்பாதான் 'கேரண்டி' இன்ஸ்டிடியூட்டின் விளம்பரத்தை அவனுக்கு அனுப்பியவர். ஒன்றேமுக்கால் லட்சம் கேட்கிறவனுக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பது இந்தச் சிரிப்புதான்.

மேடை தோறும் அப்துல் கலாம் படம் வைக்கிறோம். சின்ன வயதில் பேப்பர் போட்டார் என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் ஊர் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர் என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். படிப்பு முடிந்ததும் அவர் என்ன செய்தார் என்று எத்தனை பேர் சொல்கிறோம்? பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சியாளராக விமான இஞ்சினைப் பிரித்து மாட்டும் குழுவில் இருந்தார். விமானப்படைப் பைலட் தேர்வில் ஒன்பதாவதாக வந்து, எட்டே இடம் என்பதால் வாய்ப்பு போனது. 1958இல் டெல்லியில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். அன்று அவர் வீட்டுக்கு நம் பெரியப்பா போயிருந்தால் என்ன பேசியிருப்பார்!

கடலுக்குப் போகிற வீடுகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், மிச்ச நாளில் இலங்கைக் கடற்படை பயம், பிடித்துக்கொண்டு போன படகு திரும்பி வருமா என்ற கவலை. பையனாவது நிலத்தில் காலூன்றட்டும் என்று வலையை விற்றாவது கட்டுகிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பணத்தைப் பையனின் கையில் கொடுங்கள். பழைய லேப்டாப் ஒன்று, தேர்வுக் கட்டணம், சென்னையில் நாலு மாதம் ரூம் வாடகை. எல்லாம் போக மிச்சமும் இருக்கும்.

சபுருக்குப் போகிற வீடுகளுக்கு இன்னொன்று. "நெட்வொர்க் டெக்னீஷியன், துபாய், உடனே" என்று வருகிற செய்திகளில் ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்பவனை வாசலோடு அனுப்புங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கூட்டிப் போய் மியான்மருக்குள் அடைத்து வைத்து மோசடி வேலை செய்ய வைத்தார்களே, 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது, அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழ்ப் பையன்கள் சென்னை வந்து இறங்கினார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களைத்தான் அவர்கள் தேடினார்கள்.

பெண் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை, ஏணி என்பதால். என்.ஓ.சி.யில் ஏணி கிடையாது. தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒன்று சென்னையில் இரவு ஷிப்ட் பார்க்கிறது, கம்பெனி கேப் வாசலில் வந்து இறக்கிவிடுகிறது. அதற்கு மேல் நான் சொன்னால் அவள் அம்மா என்னைச் சண்டைக்கு இழுப்பார்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்த வேலையெல்லாம் இருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: திரையை உட்கார்ந்து பார்த்துக்கொண்டு சிவப்பு விளக்கு எரிந்தால் போன் செய்கிற வேலை குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆகவே முதல் வருடத்திலேயே பைத்தான் கொஞ்சம் பழகுங்கள். மற்றபடி அக்காமடத்தில் அறுந்த கேபிளை ஏ.ஐ. வந்து ஒட்டப் போவதில்லை.

கடைசியாக, ஏற்கெனவே இந்தத் தொழிலில் காலூன்றிவிட்ட என் பழைய மாணவர்களுக்கு. பெங்களூரில் இருக்கிறீர்கள், தோஹாவில் இருக்கிறீர்கள், சிறுசேரியில் இருக்கிறீர்கள். ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள், சந்தோஷம். உங்கள் கம்பெனியில் தெரிந்தவர்களைச் சிபாரிசு செய்யும் வழி இருக்கும். 'ஃப்ரெஷர்' என்று உண்மையாக எழுதிய ஒரு ரெஸ்யூமேயை இந்த வருடம் உங்கள் மேனேஜர் கையில் கொடுங்கள். ஒன்றே ஒன்று. யாருடையது என்று கேட்டால் நான் அனுப்புகிறேன், ஐந்து பேர் தயாராக இருக்கிறார்கள். பையன் சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் அவன் போனை எடுங்கள்.

ஊரில் இருக்கிற பையன்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். மண்டபத்து ஸ்ப்ளைசிங் பையனும் வருகிறேன் என்றிருக்கிறான். பழைய ஸ்விட்ச் இரண்டு இருக்கிறது. க்ரிம்பிங் டூல் ஒன்றுதான் இருக்கிறது, யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். இரண்டின் அடுக்குகளை 1024 வரை எழுதிப் பார்த்துவிட்டு வர வேண்டும், வாசலிலேயே கேட்பேன்.